சோற்றில் ஒரு பிசிறு

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. கொரட்டூர் ஏரியை ஒட்டிய கழனிகளில் நாற்று நட்டு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்த கொஞ்ச நாளில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். கூட்டிக் கூட்டித்தான் இதையும் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். வரட்டும். யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவைக்க எனக்கு இஷ்டமில்லை. என் வீட்டுச் சோற்றின் கதையை இன்னொருவர் கை ஏன் எழுத வேண்டும்?

கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் குழாயும் துணி துவைக்கும் கல்லும். எங்கள் வரிசையில் சேலத்துக்காரர், மதுரைக்காரர், திருநெல்வேலிக்காரர் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு குழம்பு வேறு, பேச்சு வேறு. ஆனால் ஏரி மீன் குழம்பு என்றால் அந்த வரிசையில் என் வீடுதான். நான் புளி கரைக்கும்போதே பக்கத்து வீட்டில் கிண்ணத்தைக் கழுவி வைப்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. எங்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதி, வீட்டுக்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். குழந்தைக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எப்போதும் போலக் குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். நான் அடுத்த கவளத்தைப் பிசைந்தேன். தட்டில் ஏதோ மின்னியது. விரலால் எடுத்துப் பார்த்தேன். தலைமுடி கனத்தில், சுருண்டு, ஓரம் கத்தி மாதிரி இருந்தது. லேத்தில் இரும்பைக் கடையும்போது தெறிக்கிற பிசிறு. அவர் சட்டையிலிருந்து விழுந்திருக்கிறது.

"இந்தாய்யா, இத்த பாரு."

அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே போட்டார். "பிசிறு. எடுத்துட்டல்ல? வுடு."

"கொய்ந்த முயுங்கிகினா?"

"அதான் முயுங்கலையே."

"முயுங்கிகினா இன்னா ஆவும்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "கொடல கிழிச்சுடும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆனா முயுங்கலம்மே," என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. குழந்தை மீதிச் சோற்றையும் தின்றாள், விளையாடினாள், தூங்கினாள். அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் என் வீட்டுத் தட்டில் பிசிறு விழுந்ததே இல்லை. ஆனால் எனக்கு மட்டும் அந்தச் சாயங்காலம் முடியவே இல்லை.

மறுநாளிலிருந்து அவரை நேராக உள்ளே விடவில்லை. பின்பக்கமாக வரச் சொன்னேன். குழாயடியில் காக்கியைக் கழற்றி உதறி, குளித்து, வேறு துணி கட்டிய பிறகுதான் வாசற்படி. இது நியாயம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். வரிசையில் இரண்டொரு பெண்கள்கூட, "நல்ல பழக்கம்," என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. நோய் வரும்போது நோய் என்று பேர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சுத்தம் என்று பேர் சொல்லிக்கொண்டு வந்தது.

பிறகு அரிசி. முறத்தில் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். பார்த்து முடித்து உலையில் போடக் கை போகும்போது மனசு கேட்கும்: சரியாகப் பார்த்தாயா? மறுபடி பரப்புவேன். களைந்த தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவேன். துணியைப் பிரித்து வெயிலில் காட்டுவேன். எத்தனை முறை என்று நான் எண்ணியதில்லை. மனசு போதும் என்று சொல்கிற வரைக்கும். அது சொல்வது நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. விடிந்ததும் உட்கார்ந்தால் வெயில் ஜன்னலை விட்டுப் போகும்போதுதான் சோறு இறங்கும்.

எனக்குப் பைத்தியம் இல்லை. அது எனக்கே தெரியும். இரும்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நிற்காது. தெரிவது ஓர் இடத்தில் இருக்கிறது, பயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை. இதை அப்போது யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால், "தெரிஞ்சா வுட்டுட வேண்டியதுதானே," என்பார்கள். நானே என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் கேட்பேன். "இந்தாய்யா, இருக்காதுல்ல?"

"இருக்காதும்மே."

அந்த வார்த்தையில் நெஞ்சு குளிரும். தட்டு போட்டு முடிப்பதற்குள் குளிர்ச்சி போய்விடும். மறுபடி கேட்பேன். குழந்தை தலையில் கை வைத்துச் சொல்லச் சொல்வேன். வைத்துச் சொல்வார். சத்தம் போட்டதில்லை, கை நீட்டியதில்லை. லேத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, ஈர வேட்டியோடு, "இல்லம்மே, இல்லம்மே" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அன்புதான் அது. ஆனால் அந்த அன்பைத் தின்றுதான் பயம் வளர்ந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

குழந்தைக்குத் தெரிந்தது வேறு. ஒரு நாள் கவளத்தை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, பாத்துட்டியா?"

என் வயிற்றில் அந்தப் பிசிறு அன்றைக்குத்தான் இறங்கியது.

அதன் பிறகு தினமும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறந்து, சோற்றை விரலால் நோண்டிப் பார்த்துவிட்டு, பாதியைக் கொட்டிவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். எலும்பு தெரிய ஆரம்பித்தது. கருப்பாக, உருண்டையாக இருந்த பெண். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் கொடுமை.

என் வீட்டுக்காரர் யோசித்தார். லேத் ஓட்டுகிறவர் லேத் ஓட்டுகிறவர் மாதிரிதான் யோசிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடாமல் கிடந்த எங்கள் பழைய ரேடியோவைப் பிரித்து, அதன் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த வட்டக் காந்தத்தைக் கழற்றினார். கழுவித் துடைத்து, முகமெல்லாம் சிரிப்பாக என் முன்னால் உட்கார்ந்தார்.

"இனிமே உனுக்கு கவலையே கெடையாது. எங்க மிஷின் ஷாப்புல பிசிறு வாரணும்னா காந்தத்த வுட்டுத்தான் வாருவோம். இரும்புன்னா ஓடியாந்து ஒட்டிக்கும். ஒட்டலன்னா இல்லன்னு அர்த்தம். அப்புறம் என்னைய கேக்கவே வாணாம். இத்த கேளு."

முறத்தில் அரிசியைப் பரப்பச் சொன்னார். காந்தத்தை அதன்மேல் மெதுவாக நகர்த்தினார், பூசாரி தட்டைச் சுற்றுவது போல. குழந்தையும் மண்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காந்தத்தைத் திருப்பினார்.

ஓரமெல்லாம் கருப்பாக, நுண்ணியதாக, மயிர் சிலிர்த்த மாதிரித் தூள் ஒட்டியிருந்தது.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தேன். "இல்ல இல்லன்னு சொன்னியே! கொய்ந்த தலைல கைய வச்சு சொன்னியே!"

"இரும்மே, இது பிசிறு இல்லம்மே... இது வேற..."

"இரும்புன்னா ஓடியாந்து ஒட்டிக்கும்னு நீதானய்யா சொன்ன?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னைவிடச் சின்னவள். அவள் புருஷனும் அதே தொழிற்சாலைதான். அவள் சிதறிக் கிடந்த அரிசியைப் பார்த்தாள், காந்தத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் காந்தத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மண்ணில் ஓர் இழுப்பு இழுத்து வந்து காட்டினாள். காந்தம் முழுக்கக் கருந்தூள், தாடி மாதிரித் தொங்கியது.

"இங்கன பாருங்க யக்கா. மண்ணுலயே கெடக்கு. எங்க ஊர்ல சின்னப் புள்ளையளுக்கு இதான வெளாட்டு. களத்துல காயுத நெல்லுல மண்ணு இருக்கத்தான செய்யும்? நீங்களும் நானும் இதத் தின்னுதான வளந்திருக்கோம்."

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் சின்ன வயதில் மணலில் காந்தம் இழுத்தவர்தான். அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை.

அவள் சொன்னது உண்மை. நானே கழனி வரப்பில் மண் கையோடு கூழ் குடித்தவள். அந்த உண்மை என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றவில்லை. அதுவரை அவர் சட்டையில் மட்டும் இருந்த இரும்பு அன்றைக்குப் பிறகு வாசலில் இருந்தது, காற்றில் இருந்தது, கடைக்காரன் மூட்டையில் இருந்தது. காந்தத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், உப்பு, எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்தேன். எதிலும் ஏதோ ஒட்டியது. ஒட்டாத நாளில் காந்தத்துக்குச் சக்தி போய்விட்டதோ என்று பயந்தேன்.

ஒரு கட்டத்தில் அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டேன். ஆக்காத சோற்றில் பிசிறு இருக்காது அல்லவா? அவர் தொழிற்சாலை கேண்டீனில் சாப்பிட்டார். குழந்தைக்கு வாழைப்பழம், பால். பழத்தை நானே உரிப்பேன். என் கைக் குழம்புக்குக் கிண்ணம் கழுவி வைத்த வரிசையில் என் வீட்டில் மட்டும் வாசனை இல்லை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் தாளிக்கிற சத்தம் கேட்கும்போது நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அவருடைய அக்கா வேப்பம்பட்டில் இருந்தார். அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். வாய் பெரிசு, கையும் பெரிசு. ஏதோ விசேஷத்துக்குச் சொல்ல வந்தவர் நேராகச் சமையலறைக்குள் போனார். காய்ந்து கிடந்த ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஊடா சாவடியா? கொய்ந்த முருங்கக்கா மாதிரி கீது!" என்று தம்பியைக் கேட்டார். அவர் தலை குனிந்து நடந்ததைச் சொன்னார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, முள்ளு மீனுல நெருப்பு மாதிரி குழம்பு வச்சவ நீ. முள்ளு தொண்டைல குத்தும்னு ஒரு நாளு பயந்துகிறியா? இல்லாத இரும்புக்கு இன்னாத்துக்குடி இந்தக் கூத்து?"

அது சரியான கேள்வி.

"எதிர் ஊட்டுக்காரி இன்னா சொல்றா தெரியுமா? கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்தணும்ன்றா. வண்டி வர்றதுக்கு முன்னாடி நான் கொய்ந்தய இட்டுகினு போறேன். நீ எப்போ உன் கையால சோறாக்கி, நோண்டாம, சலிக்காம, ஒரு வா ஊட்றியோ, அப்போ வந்து இட்டுகினு போ. அது வரிக்கும் நெனப்ப வுடு."

குழந்தையின் துணிகளை ஒரு பையில் திணித்தார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன பேச்சு இருந்தது? குழந்தை அழவில்லை. வாசலில் நின்று, "அத்தை ஊட்டுல சோத்த யாரும்மா பாப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வீடு வெறிச்சென்று ஆனது. குழந்தை போனால் பயமும் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. வேப்பம்பட்டில் எந்த அரிசி, யார் களைகிறார்கள் என்று இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி முறத்தில் பூண்டோடு வந்தாள். "யக்கா, எங்க வீட்டுல புழுக்கமா இருக்கு. இங்கன இருந்து உரிக்கட்டா?" என்றாள். இரண்டு வீடும் ஒரே சுவர், ஒரே புழுக்கம். உட்காரட்டும் என்று விட்டேன். என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் சொல்லவில்லை. உரித்துக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க அப்பா கதவப் பூட்டிட்டு தெரு முக்கு வரைக்கும் போவாக. திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பாக. மறுபடி போவாக, மறுபடி வருவாக. வேலைக்கே போக முடியாது. தெருவே சிரிக்கும். நானும் சேந்து சிரிச்சிருக்கேன் யக்கா. அது சீக்குன்னு எங்களுக்குத் தெரியல. இங்க வந்த பெறகுதான் எங்க வீட்டுக்காரரு கூட வேல பாக்கவர் ஒருத்தரு சொன்னாரு, அதுக்கு வைத்தியம் இருக்காம். அப்பா போயிச் சேந்த பெறகு."

"என்னைய பைத்தியம்ன்றியா?"

"பைத்தியம்னா நான் இங்கன உக்காந்து பூண்டு உரிப்பனா? பயமா இருக்காது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு. சிரித்த கையோடு அழுகையும் வந்தது. அவள் என் தோளைத் தொடவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. பாதிப் பூண்டை என் பக்கம் தள்ளினாள். இருவரும் உரித்தோம்.

பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப் போனார். அங்கே ஒரு பெண் டாக்டர். அதிகம் பேசாதவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். முந்தானையிலிருந்த காந்தத்தை மேஜைமேல் வைக்கச் சொன்னார். சிரிக்கவில்லை.

"இது பைத்தியம் இல்லம்மா. உங்க மாதிரி நிறைய பேர் வர்றாங்க. மாத்திரை தரேன், பயத்தோட வேகத்தைக் குறைக்கும். உடனே குறையாது, பொறுத்துக்கணும். மீதி வேலை வீட்டுலதான்." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "அவங்க கேட்டா இனிமே 'இல்ல'ன்னு சொல்லாதீங்க. நீங்க பதில் சொல்லச் சொல்ல, பயம் திரும்பத் திரும்பக் கேக்கும்."

"அப்போ அது அழுதுகினு கேட்டாகூட நான் வாய மூடிகினு நிக்கணுமா டாக்டர்?"

"பக்கத்துல நில்லுங்க. வாயை மட்டும் மூடிக்குங்க."

காந்தத்தை டாக்டர் திருப்பித் தரவில்லை. ரயிலில் வரும்போது என் முந்தானை முடிச்சு காற்றில் ஆடியது. எனக்கு உயிரே போன மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரரால் வாயை மூட முடியவில்லை. நான் கேட்பேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும், வாயைத் திறக்காமலே தலையை 'இல்லை' என்று ஆட்டிவிடுவார். பிறகு பின்பக்கம் போய், துடைத்த சைக்கிளையே மறுபடி துடைப்பார். இதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணாச்சி, நீங்க சைக்கிளப் பாருங்க. நான் வாரேன்," என்றாள்.

தினமும் மத்தியானம் வந்தாள். டாக்டர் என்னிடம், எல்லாரும் களைகிற மாதிரிக் களையுங்கள் என்று சொல்லியிருந்தார். எல்லாரும் எப்படிக் களைகிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் என் எதிரில் குந்தி, தன் வீட்டு அரிசியைக் களைந்து காட்டுவாள். அவள் நிறுத்தும்போது நானும் நிறுத்த வேண்டும். என் முறத்தைத் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அரிசி உலையில் விழுகிற அந்த நேரம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது? நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், குண்டானுக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் வாரி வெளியே போட வேண்டும் போல இருக்கும். ஒரு நாள் விட்டும் விட்டேன். கொதித்த தண்ணீர், கை வெந்தது. அவள் மாவைத் தடவிவிட்டாள். "நாளைக்கு ஆக்குவோம் யக்கா," என்றாள்.

முதல்முறை சோறு வடித்து முடித்த அன்று, இருவரும் தட்டைப் போட்டு உட்கார்ந்தோம். என் கை எழவில்லை.

"இருக்குமா?" என்றேன்.

"தெரியலியே யக்கா."

"இன்னாம்மே இப்டி சொல்ற! ஒரு வார்த்த, இல்லன்னு சொல்லேன்!"

"எனக்கு நெசமாவே தெரியல." ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"தெரியலன்னு சொல்லிகினே துன்றியே!"

மென்றுகொண்டே சொன்னாள்: "பசிக்குதுல்லா."

அன்று அவளை என் வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். கல் நெஞ்சக்காரி என்றேன். சாயங்காலம் வரை திட்டினேன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாக. மறுநாள் மத்தியானம் மறுபடி பூண்டோடு வந்து நின்றாள். "தொண்ட கட்டிக்கிட்டோ? சுக்குத் தண்ணி போடட்டா?" என்று கேட்டாள்.

நல்ல நாளும் இருந்தது, மோசமான நாளும் இருந்தது. மாத்திரையில் வாய் காய்ந்துபோகும், தூக்கம் அழுத்தும். கோவில்பதாகைப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் எனக்கு மந்திரிக்க வேண்டும் என்று அண்ணி சொல்லி அனுப்பினார். போய் மந்திரித்துக்கொண்டும் வந்தேன். குழந்தை கிடைக்குமென்றால் எதற்கும் தயார். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பம்பட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவார். "நல்லா துன்றாளா?" என்று கேட்பேன். உதட்டைக் கடித்துக்கொள்வார். அந்தக் கேள்வி பயம் கேட்பதா, தாய் கேட்பதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், நானே களைந்து, நானே ஆக்கி, பக்கத்து வீட்டுக்காரி இல்லாமல், ஒரு தட்டுச் சோறு தின்றேன். பயம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. தின்று முடித்துத் தட்டைக் கழுவினேன். அப்போதும் இருந்தது. ஆனால் தட்டு காலியாகிவிட்டது.

"வேப்பம்பட்டுக்கு நானும் வரட்டா யக்கா?" என்று அவள் கேட்டாள்.

"வாணாம். அது என் ஊட்டு விசயம்," என்றேன். ரயில் ஏறின பிறகு, அவள் வந்திருக்கலாமே என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நினைத்தேன். அவர் வேலை முடிந்து நேராக அங்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

அண்ணி வீட்டில் விறகடுப்பு. வாசலில், மண் தரையில். புகை, சாம்பல், கோழி. அண்ணி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரிசியைக் களைந்தேன். என் கண் சுவரில் மாட்டியிருந்த முறத்துக்குப் போனது. அண்ணி கவனித்துவிட்டார். எழுந்து போய் முறத்தை எடுத்து, வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "தோ, இப்போ பாரு," என்றார். கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். அரிசியை உலையில் போட்டேன். பருப்பும் ரசமும் வைத்தேன். கருவாடு கொண்டுபோயிருந்தேன், வறுத்தேன். வாசனைக்கு அண்ணியே கொஞ்சம் நகர்ந்து கிட்டே உட்கார்ந்தார்.

சோற்றைப் பிசைந்து கவளம் உருட்டி நீட்டினேன்.

குழந்தை வாயைத் திறக்கவில்லை. "அம்மா, பாத்துட்டியா?"

இதற்கு நான் தயாராக இல்லை. என் பயத்துக்குத்தான் இத்தனை நாள் பழகியிருந்தேன். அவள் பயத்துக்கு அல்ல. 'பாத்துட்டேன் கண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாய் திறக்கும், பெண் என்னோடு ரயில் ஏறுவாள். அண்ணியும் 'சொல்லேன்' என்பது போலக் கண்ணைக் காட்டினார். ஆனால் அந்த வார்த்தையை இன்று சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும், அவள் பெரியவளாகி அவள் புருஷன் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாக்கல," என்றேன்.

"இருக்குமா?"

"தெரியலடா கண்ணு."

அந்தக் கவளத்தை என் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் என் தொண்டையையே பார்த்தாள். முழுங்கினேன். "எனுக்குப் பசிக்குது. உனுக்கு?"

அப்போது வேலிப் படல் சத்தம் கேட்டது. அவர் வந்திருந்தார். தொழிற்சாலையிலிருந்து நேராக, எண்ணெய்க் கறை படிந்த காக்கியோடு. உள்ளே வரவில்லை. பழக்கம். படலுக்கு வெளியே, மழை ஈரத்தில், நான் குழாயடிக்குப் போகச் சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு காலமாக அந்த மனுஷன் தன் சோற்றுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

என் வாயில், 'குளிச்சிட்டு வாய்யா,' என்று வந்தது. முழுங்கினேன். சோற்றை முழுங்கியதைவிட அது கஷ்டமாக இருந்தது. "இன்னாத்துக்கு அங்க நின்னுகினு கீற? வா. உக்காரு."

அவர் நம்பாமல் வந்தார். சட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதுவும் உதிர்ந்துவிடக் கூடாது என்பது போல, தட்டுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். என் முதுகெல்லாம் வேர்த்தது.

குழந்தை அவரைப் பார்த்தாள், அவர் சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனுக்கும் பசிக்குது," என்றாள்.

ஊட்டினேன். மென்றாள். இன்னொரு வாய். மூன்றாவதோ நான்காவதோ, கடக் என்று சத்தம் கேட்டது.

எல்லாருடைய கையும் நின்றது. அவர் வாய் திறந்து, 'இல்லம்மே' என்று தொடங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை விரலை வாய்க்குள் விட்டு, எதையோ எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கல்லு," என்றாள். கோழிகள் பக்கம் எறிந்தாள்.

"எங்க ஊட்டு அரிசில கல்லு கீதுன்னு ஆவடி ஃபுல்லா சொல்லப்போறியா?" என்றார் அண்ணி.

குழந்தை மறுபடி வாயைத் திறந்தாள். தட்டைப் பிடுங்கிக் கொட்டிவிடச் சொல்லி எனக்குள் கத்திக்கொண்டிருந்தது. கத்தட்டும் என்று விட்டு, அடுத்த கவளத்தை உருட்டினேன். நீட்டினேன். பருப்பு மண்ணில் சிந்தியது. மீதி அவள் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.